அபராதம் போடுவதற்கு முன்னால் ஒரு நடை போய்ப் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

"மன அழுத்தத்தைப் பத்திப் பேசுங்கம்மா, ஆனா ரொம்ப நீட்டாதீங்க, சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லித்தான் தலைவி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அதனால் நேரா விஷயத்துக்கு வர்றேன்.

துணை சுகாதார நிலையத்தில் எனக்குப் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. தலைவலி, நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், ராத்திரி தூக்கமில்லை என்று ஒரு பெண் வருவாள். ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து அனுப்புவேன். வாசற்படி வரை போனவள் திரும்பி நின்று, "ஒண்ணுமில்லம்மா, ஒரே யோசனை" என்பாள். சொல்ல வந்தது அந்தக் கடைசி வார்த்தைதான். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சோர்வும் மனசுச் சோர்வு இல்லை. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு குறைந்தாலும் இதே மாதிரி அசதி வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க.

சரி, யோசனைக்கு வருவோம். வாசலில் யாரோ சத்தம் போடுகிறார்கள் என்றால் நம் உடம்பு என்ன செய்யும்? நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், வாய் உலரும். ஓடு, இல்லாவிட்டால் எதிர்த்து நில் என்று உடம்பு நம்மைத் தயார் செய்கிறது. பாம்பைக் கண்டால் அது உதவும். தவணை கேட்டு போன் அடிக்கும்போதும் உடம்பு அதையேதான் செய்கிறது. போனைக் கண்டு எங்கே ஓடுவது? மாதக்கணக்கில் இப்படியே இருந்தால் தூக்கம் போகும், ரத்த அழுத்தம் ஏறும், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம்.

இதற்குக் கைவசம் ஒரு சின்ன வழி இருக்கிறது, மூச்சு. நாலு எண்ணும் வரை மூக்கால் இழுங்க, ஆறு எண்ணும் வரை மெதுவா விடுங்க. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், சூட்சுமம் அங்கேதான். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிஷம் போதும். அடுப்பில் பால் வைத்துவிட்டு மட்டும் செய்யாதீங்க, பொங்கி வழிந்து அது வேறு ஒரு டென்ஷன் ஆகிவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது, படுக்கப் போகும்போது செய்யலாம். தினமும் செய்து பழகினால்தான் நெருக்கடி நேரத்தில் தானாகக் கை கொடுக்கும்.

ஆனால் மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. அதை நம்மிடம் மறைக்கிறவர்களை நான் நம்புவதில்லை. "பாசிட்டிவ்வா நினைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாளை காலை தவணை கட்ட வேண்டியவளுக்கு அந்த வார்த்தையை வைத்து என்ன செய்ய?

இந்த இடத்தில் தூர தேசத்துக் கதை ஒன்று சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அதிகமாக யோசிப்பது என்று அர்த்தம். நாம் 'ஒரே யோசனை' என்கிறோமே, அதே வியாதி, அதே பேர்! டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். நாடு முழுக்கத் தேடினாலும் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரிடம் வர வேண்டிய ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டதற்கு, பஸ்ஸுக்குக் காசில்லை என்றாராம் அவளுடைய தாய். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருந்தால் ஆகாது என்று அந்த மருத்துவர் தலைநகர் ஹராரேயில் 2006-இல் ஒரு வேலை தொடங்கினார். 14 பாட்டிமாரைக் கூப்பிட்டார். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மர பெஞ்சைப் போட்டு உட்கார வைத்தார். 'நட்பு பெஞ்சு' என்று பேர்.

பாட்டி என்ன செய்வார்? முதலில் கேட்பார். நடுவில் குறுக்கிடாமல் கேட்பார். அதற்கு மனசைத் திறத்தல் என்று பேர். பிறகு இருக்கிற பிரச்சினைகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல வைப்பார். அதில் ஒன்றை மட்டும் எடு என்பார். அந்த ஒன்றுக்கு இந்த வாரம் உன்னால் செய்ய முடிகிற சின்னக் காரியம் என்ன என்று கேட்பார். பாட்டி வழி சொல்வதில்லை, அவள் வாயிலிருந்தே வர வைப்பார். அடுத்த தடவை வரும்போது, செய்தாயா என்று விசாரிப்பார். பிறகு அந்தப் பெண்ணை ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பை பின்னிக்கொண்டே பேசுவார்கள். பேச்சுக்குப் பேச்சும் ஆச்சு, வருமானமும் ஆச்சு.

573 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 50 பேரிடம் மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களிடம் நூற்றுக்கு 14 பேர்தான்.

அக்கா, அந்த நாட்டில் கடைசியில் உண்டாக்கிய குழு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய குழு முறை இன்றைக்கு ஊர் ஊராக இருக்கிறது. கூடுகிறோம், சேமிக்கிறோம், உள்கடன் கொடுக்கிறோம், திருப்பி வாங்குகிறோம், கணக்கு எழுதுகிறோம். பஞ்சசூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டி செய்ததில் ஒன்றை மட்டும்தான் நாம் செய்வதில்லை. கேட்பதில்லை. கூட்டம் ஆரம்பித்ததும் பணம், நோட்டு, கையெழுத்து, எழுந்து போய்விடுகிறோம்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஓர் உறுப்பினர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானப்படி அபராதம் எழுதினார்கள். யார் மேலும் குற்றமில்லை, விதி அப்படி. நாலாவது வாரம் இரண்டு பேர் சந்தா வாங்க வீட்டுக்குப் போனபோது, பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. அவள் வெளியே வெவ்வேறு மூன்று கம்பெனியில் கடன் வாங்கியிருந்தாள். ஒன்றை அடைக்க இன்னொன்று. குழுவில் சொன்னால் மானம் போகும் என்று பயம். போனவர்களில் மூத்தவர் பணப் பேச்சை எடுக்காமல், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் அழுதாள். பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு விபரீதமான முடிவுக்குத் தயாராக இருந்ததை அப்போதுதான் சொன்னாள். அந்த இருவரும் அன்றைக்கு அவளைத் தனியே விடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். கடன் கணக்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தார்கள். இன்றைக்கு அவள் இருக்கிறாள். கடன் இன்னும் முழுசாக அடையவில்லை, ஆனால் இருக்கிறாள்.

அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர்கள் பாஸ்புக்கைக் கொண்டுபோக வேண்டாம். கேட்டதை டீக்கடையிலோ குழாயடியிலோ இறக்கி வைக்கவும் வேண்டாம். ஒரு தடவை வெளியே போச்சுன்னா, அதோட அந்த ஊர்ல யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

"உயிரை விட்டுடலாமான்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று பயப்படாதீங்க. அப்படி வராது. கேட்க ஆள் இருக்கிறது என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பயிருக்கு அடிக்கிற மருந்து அந்த வீட்டில் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் ஊருக்குப் பொதுவாகப் பூட்டி வைக்கும் இடம் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு வேகமான நேரம் கடந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கடன்காரர் தொல்லை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தாலே பாதி பயம் குறையும். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் சிறுகடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். திட்டு வாங்கிக்கொண்டு கட்ட வேண்டியதில்லை.

14416. மனநல ஆலோசனைக்கான அரசு எண். காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-இலும் பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 181. ஊக்குநர்கள் இந்த மூன்று எண்ணையும் வரவுசெலவு நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாதவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடிங்க, சொல்றேன்.