தொலைத் தொழிலும் அத்தாட்சிப் பத்திரங்களும்



வன்னியில் வீட்டிலிருந்தபடியே கடல்கடந்த நிறுவனத்துக்கு உழைக்கும் காலம் இது. முகங்காணா முதலாளி முதலிற் கேட்பது நம் அத்தாட்சிப் பத்திரங்களையே. 2009 இல் முடிந்த போரில் அவற்றையும் இழந்தோர் நம்மிடையே பலர்.

அமெரிக்காவில் 2023 ஆகஸ்ட் முதல், தகுதிபெற்ற நிறுவனங்கள் அங்குள்ள புதிய ஊழியரின் பத்திரப் பிரதியைப் பெற்று, பின் நேரடிக் காணொளியில் அப்பத்திரத்தைக் காட்டச் செய்து சோதிக்கலாம். பத்திரமோ உரியவர் கையிலேயே இருக்கும்.

நமது பழைய அடையாள அட்டையில் முதலிரு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்கங்களில் ஆண்டு முழுமையாக நிற்கும். பிறப்புச் சான்றிதழோடு இவை ஒவ்வாவிடின் ஐயம் எழுவது இயல்பே. ஆதலால் விண்ணப்பிக்குமுன்பே பெயரையும் திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருப்பின் பிரதேச செயலகத்தை நாடுங்கள்.

சோதனை ஒருபக்கத்ததாதல் ஆகாது. கேட்பவர் யாரென விசாரியாது பிரதி அனுப்பாதீர்கள். மூலப்பத்திரத்தையோ முற்பணத்தையோ கேட்பவரை நம்பாதீர்கள். பெரியோர்களே, பத்திரங்களை இழந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டுங்கள் என வேண்டி அமைகின்றேன்.