அயல்நாட்டு மிட்டாய் வாணிகம்
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வாணிகத்திற் பழகியோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கும் யாம் வாணிகம் பற்றிப் பேசப் புகுதல் வியப்பாகத் தோன்றலாம். நம்மவருள் இளைஞர் சிலர் கடலைமிட்டாயையும் எள்ளுருண்டையையும் உறையிலிட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகட்கு அனுப்ப விழைகின்றனர் என்றும், அந்நாட்டுச் சட்டங்களைக் கேட்ட அளவிலே ஊக்கம் குன்றுகின்றனர் என்றும் கேள்வியுற்றோம். சொல்லைப் பதம் பிரித்துப் பொருள் காணல் எம் தொழில். ஆதலின், அச்சட்டங்கள் எதன்பொருட்டு எழுந்தன, அவை கூறுவன யாவை, நாம் செயற்பாலது யாது என்னும் மூன்றனையும் முறையே கூறுவோம்.

இச்சட்டங்கள் அயலாரைத் தடுத்தற்கே செய்யப்பட்டன என்பார் உளர். வரலாறு அங்ஙனம் கூறவில்லை. அமெரிக்க மிட்டாய்க்காரருள் சிலர் தம் நாட்டுக் குழந்தைகட்கே மண்ணையும் நச்சுச் சாயத்தையும் கலந்து விற்ற காலம் ஒன்று இருந்தது. ஹார்வி வைலி என்னும் இரசாயன அறிஞர் முதலியோர் பல்லாண்டு போராடியதன் பயனாக, 1906-ஆம் ஆண்டில் தூய உணவு மருந்துச் சட்டம் நிறைவேறிற்று. வெண்மண், குரோம் மஞ்சள் முதலிய கனிப்பொருள்களும், நச்சு நிறமும், மதுவும் மிட்டாயிற் கலத்தலாகாது என்று அச்சட்டம் பெயர் சுட்டியே விலக்கிற்று. பின்னர் 1937-ஆம் ஆண்டில், சோதியாது விற்கப்பட்ட மருந்தொன்றால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரின் விளைவாக 1938-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இறந்தாரின் நினைவே அந்நாட்டில் சட்டமாக எழுதப்பட்டுள்ளது என்னலாம்.

மேலும், அச்சட்டம் பெருஞ்செல்வர்க்கும் வளைந்து கொடுப்பதன்று. மிட்டாய்க்குள் உணவல்லாத பொருளைப் பதித்தல் கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. இத்தாலி நாட்டுப் பெரேரோ நிறுவனத்தார் 1974-ஆம் ஆண்டு முதல் செய்துவரும் கிண்டர் சர்ப்ரைஸ் என்னும் சாக்கலேட் முட்டையின் வயிற்றுள் பொம்மை உண்டு. உலகெங்கும் விரும்பப்படும் அம்முட்டைக்கு அமெரிக்கச் சந்தை அடைபட்டது. இனிப்பும் பொம்மையும் தனித்தனிப் பாதியில் அடைத்த கிண்டர் ஜாய் என்பதே 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே விற்பனைக்கு வந்தது.

இனி, அச்சட்டங்கள் கூறுவனவற்றைக் காண்போம். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பண்டம் செய்யும் தொழிற்கூடம் அந்நாட்டு உணவு மருந்து நிருவாகத்தாரிடம் பதிவு பெறல் வேண்டும். அந்நாட்டில் வதியும் முகவர் ஒருவரைக் குறித்தல் வேண்டும். இரண்டாண்டிற்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தல் வேண்டும். பதிவிற்குக் கட்டணம் இல்லை. சரக்கு கப்பலிற் சென்றால் துறைமுகம் சேர்வதற்கு 8 மணி நேரத்திற்குக் குறையாமலும், விமானத்திற் சென்றால் 4 மணி நேரத்திற்குக் குறையாமலும் முன்னறிவிப்புச் செய்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டுச் சட்டமோ, அயல்நாட்டார் செய்த பண்டம் தூயதென்று தேர்ந்தறியும் பொறுப்பை அங்கே இறக்குமதி செய்வோர் தலையில் ஏற்றிற்று. ஆதலின், அவர் நம் கணக்கையும் சோதனைச் சீட்டையும் கேட்பது ஐயத்தால் அன்று. கடமையால் என்று அறிக.

உறையின்மீது பண்டத்தின் பெயர், அவுன்சிலும் கிராமிலும் நிகர எடை, எடை மிகுதி முறையே சேர்பொருள்கள், உணவுச்சத்து அட்டவணை, பொறுப்புடையார் பெயரும் ஊரும், பிறந்த நாடு ஆகியன ஆங்கிலத்தில் விளங்க இருத்தல் வேண்டும். நிறத்திலும் விழிப்பு வேண்டும். நம் நாட்டில் அனுமதி பெற்ற கார்மோசைன், பான்சோ 4 ஆர் என்னும் செந்நிறச் சாயங்கட்கு அங்கே இடமில்லை. இங்கே குற்றமற்றது அங்கே குற்றமாகும்.

நிலக்கடலையைப் பற்றிச் சிறப்பாகக் கூறுவோம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலக்கத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று கண்டறிந்தனர். அப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு நூறு கோடிப் பங்கில் 20 பங்கிற்கு மேற்படின் அமெரிக்கர் சரக்கை ஏலார். ஐரோப்பிய ஒன்றியத்தார் உண்ணத்தக்க கடலைக்கு 4 பங்கே வரம்பாக வைத்துள்ளனர். இந்நஞ்சைக் கண்ணாற் காணல் அரிது; வறுத்தலால் முற்றும் ஒழிவதுமன்று. களத்தில் நன்கு உலர்த்துதலும், சொத்தையும் சுருங்கலும் பொறுக்கிக் களைதலும், சோதனைக்கு அனுப்புதலுமே காப்பாம்.

இவையனைத்தினும் எம் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. நம் ஊரில் கடலைமிட்டாய் ஏழைப் பிள்ளைக்கும் கிட்டும் இன்னுணவு. ஆனால், சில குழந்தைகட்கு நிலக்கடலைத் துணுக்கொன்று நாவிற் பட்டாலும் தொண்டை வீங்கி, மூச்சடைத்து, உயிர் நீங்குதலும் உண்டு. ஆதலின், 2004-ஆம் ஆண்டுச் சட்டம் பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா என எட்டினை உறையில் வெளிப்படக் கூறுமாறு பணித்தது. 2023-ஆம் ஆண்டு முதல் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. கடலைப்பாகு கிண்டிய வாணலியிலேயே எள்ளுருண்டைக்கும் பாகு வைத்தல் நம் வீடுகளில் வழக்கம். அயல்நாட்டிற்கு அனுப்பும் பண்டத்தில் அவ்வழக்கம் ஆகாது. தாய்மார்களே! கடல் கடந்த ஊரில், எழுத்துக் கூட்டி உறையைப் படித்துவிட்டுத் தன் மகன் கையில் மிட்டாயைக் கொடுக்கும் ஒரு தாய், நும் சொல்லையே நம்பிக் கொடுக்கின்றாள். அவள் நும்மைக் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. அந்நம்பிக்கையினும் பெரிய முதல் வாணிகத்தில் வேறு யாது?

ஒருவர் செய்யும் பிழை அவரோடு நில்லாது. குற்றமுடைய சரக்குகளை அனுப்பினோர் பெயர் எச்சரிக்கைப் பட்டியலில் ஏறின், அடுத்து வரும் சரக்கு பிரித்துப் பாராமலே துறைமுகத்தில் நிறுத்தப்படும். சிலவேளை ஒரு நாட்டின் குறித்த பண்டம் முழுவதுமே அப்பட்டியலுட் படும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பல தலைமுறையார் கரிசல் மண்ணின் கடலையையும் வெல்லத்தையும் கொண்டு ஈட்டிய நற்பெயர் அது. அதனை ஒரு பெட்டி பூசணக் கடலை கெடுத்துவிடுதல் கூடும்.

இவ்விதிகள் சிறு தொழிலாளர்க்குச் சுமையல்லவோ எனின், சுமையே என்போம். பெரிய ஆலையார்க்குச் சோதனைச் செலவு கடுகளவு. அடுப்பொன்று வைத்துப் பாகு காய்ச்சுவார்க்கு அது மலையளவு. அதனாற்றான் இதனைச் சங்கத்தின்முன் வைக்கின்றோம். பத்துக் குடும்பத்தார் கூடி ஒரே தொழிற்கூடம் அமைத்தால் பதிவு ஒன்று போதும். ஒரே தொகுதியாகக் கடலை வாங்கினால் அத்தொகுதிக்குச் சோதனையும் ஒருங்கே செய்யலாம். கடலைக்கும் எள்ளிற்கும் வெவ்வேறு அறையும் கலமும் வைக்கலாம். ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகள் உறைவாசகத்தை எழுத, முதியோர் ஒருவர் சேர்பொருளோடு ஒப்புநோக்கிக் கையொப்பமிடலாம். இதற்கென ஒரு குழுவை இக்கூட்டத்திலேயே அமைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டுகின்றோம்.

இளைஞர்காள்! சட்டத்தை அஞ்சி ஒதுங்குதலும் வேண்டா. அதனை ஏய்க்க வழி தேடுதலும் வேண்டா. கற்றுக்கொண்டு செல்லுங்கள்.