வெறுப்பை விற்ற மல்லர்

கூத்தில் இராவணனாக ஆடியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீடு செல்வார். அமெரிக்க மல்யுத்த மேடையில் ஜோர்ஜ் வாக்னர் பூண்ட வேடமோ அவ்வாறு எளிதிற் கழுவத்தக்கதாய் இருக்கவில்லை.

1915ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்து, ஹியூஸ்டன் நகரில் வளர்ந்தவர் அவர். 5 அடி 9 அங்குல உயரமே உடையவர். ஆயினும் பிடிகளைச் செவ்வனே கற்றவர். நேர்மையான மல்லராக அவர் பொருத காலத்தில் அவரைக் காண வந்தோர் சிலரே. தொழின்முறை மல்யுத்தத்திலே வெற்றியும் தோல்வியும் முன்னரே பேசிவைக்கப்படுபவை. ஆகவே சனங்களைச் சீட்டு வாங்கச் செய்வது மல்லரின் திறமையன்று; அவர்மீதுள்ள விருப்போ வெறுப்போதான். இதனை உணர்ந்த வாக்னர் 1940களில் ‘கோர்ஜியஸ் ஜோர்ஜ்’ ஆனார். ‘எழிலார்ந்த ஜோர்ஜ்’ என்பது அதன் பொருள்.

அவருடைய வருகையே ஒரு தனி நாடகம். பொன்னிறச் சாயமேற்றிச் சுருட்டிய கூந்தல், மினுங்கும் பட்டங்கி, பின்னணியில் எல்கரின் கம்பீரமான அணிநடை இசை. பணியாள் முன்சென்று மேடையெங்கும் வாசனைநீர் தெளிப்பார். சோதனையிட நெருங்கும் நடுவரின் கை அழுக்கென்று சினந்து, அக்கைக்கும் நறுமணம் தெளிக்கச் செய்வார் ஜோர்ஜ். கூந்தலிற் செருகிய பொன்முலாம் ஊசிகளைக் கழற்றிக் கூட்டத்தினருக்கு வழங்குவார். சில வேளைகளில் மற்போரினும் இச்சடங்கே நீண்டது! போர்க்களங் கண்டு மீண்டோர் நிறைந்த அந்நாட்டில், ஆண்மகனொருவர் இவ்வாறு ஒப்பனை செய்து செருக்குடன் நடந்தமை ஆத்திரமூட்டியதில் வியப்பில்லை. 1947இல் தொலைக்காட்சியும் அவரை வீடுகளுக்குள் கொண்டுசென்றது. 1950இல் வேடத்தின் பெயரையே சட்டப்படி தம் பெயராக்கிக்கொண்டார்.

பின்னர் மது அவரைப் பற்றியது. இரு மணவாழ்க்கைகளும் முறிந்தன. கூட்டம் குறையவே, கூந்தலையே பந்தயமாக வைக்க நேர்ந்தது. 1959இல் ரொறன்ரோவில் விப்பர் பில்லி வாற்சனிடம் தோற்று, அனைவர் முன்னிலையிலும் தலை மழிக்கப்பட்டார்.

1961இல் லாஸ் வேகாஸ் வானொலி நிலையமொன்றில், இளங் குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே அவருடைய தற்புகழ்ச்சியைக் கேட்டார். பின்பு அரங்கு நிரம்பியிருந்ததையும் கண்டார். தாம் தோற்பதைக் காண விரும்புவோரும் காசு கொடுத்தே வருவர் என்ற பாடத்தை அங்கு கற்றதாகக் கிளேயே பிற்காலத்திற் கூறினார்.

மறு ஆண்டு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் முகமூடி மல்லரொருவரிடம் ஜோர்ஜ் மீண்டும் கூந்தலை இழந்தார். முடிவு பேசிவைக்கப்பட்டதாயினும், மேடையில் விழுந்த மயிர் உண்மையானதே. 1963 டிசம்பர் 26ஆம் நாள், 48ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். இரண்டு மாதங்கள் கழிந்து, 1964 பெப்ரவரி 25ஆம் நாள், தம்மைத் தாமே அழகரென்று உரத்துக் கூவியவாறு கிளே உலகப் பட்டத்தை வென்றார். முகமது அலி என உலகம் பின்னர் அறிந்தவர் அவரே.