சிரிக்கிறது யார்?

(மதுரையில் மாலைநேரப் பள்ளி நடத்தும் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கார்ட்டூனை வகுப்பறைக்குக் கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். போகலாம். ஆனா அது யார் கண்ணால வரைஞ்சது, யார் சிரிக்கிறாங்க, யார் தலைகுனிஞ்சு உட்கார்ந்திருக்காங்கன்னு கேட்டுட்டுத்தான் போகணும்.

என்.சி.இ.ஆர்.டி. 2006இல் வெளியிட்ட 11ஆம் வகுப்பு அரசியல் பாடநூலில் சங்கர் 1949இல் வரைந்த படம் ஒன்று இருந்தது. நத்தைதான் அரசியல் சட்டம். அதன்மேல் சாட்டையோடு அம்பேத்கர். பின்னால் சாட்டையை ஓங்கியபடி நேரு. சுற்றிலும் வேடிக்கை பார்க்கிற கூட்டம். 2012 மே மாதம் தொல். திருமாவளவன் நாடாளுமன்றத்தில் பிரச்சினையை எழுப்பினார். படத்தை நீக்குவதாக அமைச்சர் கபில் சிபல் அறிவித்தார். பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். ஆய்வு செய்த சுகதேவ் தோரட் குழுவில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்.

சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு இல்லை என்று அறிவுஜீவிகள் விளக்கம் சொன்னார்கள். இருக்கட்டும். கீழத்தஞ்சையில் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக வாங்கிய சனங்களின் பேரப்பிள்ளைக்கு அந்தப் படம் அப்படியா தெரியும்?

நீக்கியதோட நம்ம வேலை முடிஞ்சு போச்சா? இல்லை. தாமதம் என்ற குற்றச்சாட்டுக்கு 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கரே அவையில் பதில் சொன்னார். சபை உட்கார்ந்தது மூன்று ஆண்டுக்குள். ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது ஆண்டு ஆனது. நம் சட்டத்தில் 395 பிரிவுகள். விவாதத்துக்கு வந்த திருத்தங்கள் 2,473. படத்தையும் இந்தக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வையுங்க. நத்தை யாருன்னு பிள்ளைங்களே சொல்லட்டும். உன்னமதி சியாம் சுந்தர் செய்ததும் இதைத்தான். அம்பேத்கரைப் பற்றி அந்நாளைய பத்திரிகைகள் போட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கார்ட்டூன்களைத் தேடியெடுத்து, எதிர்க்குறிப்போடு 2019இல் நூலாக்கினார்.

அடுத்த படி, நாமே வரையறது. உத்தப்புரத்தை எடுங்க. 1989இல் எழுந்த சுவர், 2008 மே 6இல் ஒரு பகுதி இடிந்தது. ஒரு சார்ட் அட்டையில் நாலு கட்டம் போடுங்க. முதல் கட்டத்தில் சுவர் எழும்புது. இரண்டாவதில் பள்ளிக்கூடம் போற பிள்ளை சுத்திப் போகுது. மூன்றாவதில் சுவர் உடையுது. நாலாவதைக் காலியா விடுங்க. பாதி வகுப்பு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வரையட்டும், பாதி வகுப்பு அந்தப் பக்கமிருந்து. ஆதிக்க சாதிப் பிள்ளையும் தன் பக்கத்துச் சுவரை வரைஞ்சுதான் ஆகணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேரிப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, “உனக்கு நடந்ததைச் சொல்லு” என்று கேட்காதீர்கள். அவன் காயம் பாடக்கருவி இல்லை. படத்தைப் பற்றிக் கேளுங்கள். சொல்ல விரும்பினால் அவனே சொல்வான்.

நாலாவது கட்டத்தில் பிள்ளைகள் என்ன வரைந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அடுத்த கூடலுக்கு அந்த அட்டைகளோடு வாருங்கள்.