கணினித் திரையில் காணாமல் போன ஐகானை மீட்பது எப்படி?

(எமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் பயன் பெற்றார்கள். அன்று படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த விண்டோஸ் 7 பெட்டிகளோ சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் வீடுகளில், கடைகளில் இன்னும் உழைக்கின்றன. லாரி வாடகைக் கணக்கு, முட்டை வியாபாரக் கணக்கு, நிக்காஹ் போட்டோக்கள் எல்லாம் அவற்றில்தான்.

திடீரென்று ஒரு நாள் கணக்கு ஐகானைக் காணோம். பதறிக்கொண்டு பழுது பார்க்கும் கடைக்கு ஓடுகிறோம். "ஃபார்மட் போட்டுடலாமா?" என்று கேட்டால் தலையாட்டிவிடுகிறோம். நகல் எடுக்காமல் ஃபார்மட் போட்டால்தான் உண்மையிலேயே எல்லாம் போகும். அதைத் தடுக்கத்தான் இன்று இந்தப் பேச்சு.

சந்துக்குள் இருக்கும் கடைக்கு மெயின் ரோட்டில் அம்புக்குறி போட்டுப் பலகை வைப்போம் அல்லவா? ஷார்ட்கட் அதுதான். ஐகானின் இடது கீழ் மூலையில் வளைந்த சிறு அம்புக்குறி இருந்தால் அது வெறும் பலகை. காற்றில் விழுந்தாலும் கடை இருக்கும் இடத்தில் இருக்கும். அம்புக்குறி இல்லாதது அசல் ஃபைல். அதை அழித்தால் அசலே போகும். ஆகவே எது தொலைந்தாலும் முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் ரைட் கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுங்கள், பழைய இடத்துக்கே வந்துவிடும். அதுவரை பின்னைக் காலி செய்யவே கூடாது.

அங்கே இல்லையா? ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ் போய், வேண்டிய புரோகிராமின் பெயர் மீது ரைட் கிளிக் செய்யுங்கள். சென்ட் டூ என்பதில் டெஸ்க்டாப் என்று வரும். அழுத்தினால் புதுப் பலகை தயார். நாம் எழுதி வைத்த கணக்கு ஃபைல் என்றால், ஸ்டார்ட்டில் உள்ள தேடும் பெட்டியில் அதன் பெயரைத் தட்டி, கிடைத்ததும் இதே போலச் செய்யலாம். கம்ப்யூட்டர் ஐகானே போய்விட்டால், அதே பெட்டியில் டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். டிக் போட வேண்டிய பட்டியல் வரும். திரையே வெறிச்சென்று இருந்தால் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ என்பதில் ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

எப்போதும் குழந்தைகளையே திட்ட வேண்டாம்! குறிக்கும் இடத்தை எட்ட முடியாத ஷார்ட்கட்கள் நான்குக்கு மேல் சேர்ந்தால் விண்டோஸ் 7 தானாகவே அவற்றைத் துடைத்துவிடும். பென்டிரைவில் இருக்கும் கணக்குகளுக்குப் போட்ட ஷார்ட்கட்கள், பென்டிரைவைக் கழற்றிய பிறகு அப்படித்தான் காணாமல் போகின்றன. எக்ஸ்பியில் 60 நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யவா என்று கேட்கும். சரி என்றால், பயன்படுத்தாதவை தனி ஃபோல்டராகத் திரையிலேயே ஒதுங்கும். அதைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆதரவு நின்றுவிட்டது. கணக்கு எழுதலாம், வங்கி வேலை மட்டும் அதில் வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு பென்டிரைவ் கொண்டு வாருங்கள். கணக்குகளை நகல் எடுப்பதை இன்ஷா அல்லாஹ் செய்தே காட்டுகிறோம்.