வேங்கையும் இல்லாத பறவையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியிலே கன்சாஸ், மிசூரி என்னும் இரு மாநிலங்கள் அருகருகே அமைந்துள்ளன. கன்சாஸ் பல்கலைக்கழகம் லோறன்ஸ் நகரிலும் மிசூரிப் பல்கலைக்கழகம் கொலம்பியா நகரிலும் உள்ளன. இவற்றின் உதைபந்தாட்டக் குழுக்கள் 1891ஆம் ஆண்டு முதன்முறையாக எதிர்த்து நின்றன. உதைபந்தாட்டம் என்பது பெயரளவிலேதான். அமெரிக்கர் ஆடும் இவ்வாட்டத்திலே பந்து காலால் உதைபடுவதைக் காட்டிலும் கையில் ஏந்தப்பட்டு ஓடுவதே மிகுதி. இந்தப் போட்டிக்கு 'எல்லைப் போர்' என்ற பெயர் நிலைத்தது. விளையாட்டுக்கு இத்துணைக் கடுமையான பெயர் ஏன் என்று நேயர்கள் எண்ணலாம். ஆட்டத்திற்கு முன்னரே போர் நடந்துவிட்டது என்பதே அதற்கு விடை.

மிசூரி, அடிமைமுறையை ஏற்றிருந்த மாநிலம். கன்சாஸ் பிரதேசத்தில் அம்முறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குடியேறுவோரே முடிவு செய்யலாம் என 1854இல் ஒரு சட்டம் வந்தது. உடனே மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லை கடந்து சென்று வாக்களித்துத் திரும்பினர். அடிமைமுறையை எதிர்த்தோர் லோறன்ஸ் நகரை நிறுவினர். இரு பக்கத்தாரும் மாறி மாறிச் சூறையாடினர். எல்லை தாண்டிக் கொள்ளையிட்டோருக்கு 'ஜேஹோக்கர்' என்னும் வசைப்பெயர் வழங்கலாயிற்று. 1861இல் கன்சாஸ் தலைவர் ஜேம்ஸ் லேனின் படையினர் மிசூரியிலுள்ள ஒசியோலா நகரைக் கொள்ளையிட்டு எரித்தனர். 1863 ஓகஸ்ட் 21ஆம் நாள் விடியற்காலையில் குவான்றில் என்பவனின் கொரில்லாக் கூட்டம் லோறன்ஸ் நகருட் புகுந்தது. ஆடவரும் சிறுவருமாக ஏறத்தாழ 150 பேர் மாண்டனர்.

வசைப்பெயரைக் கன்சாஸ் மக்கள் நாளடைவில் விருதாகவே சூடிக்கொண்டனர். அது பறவையானது பின்னர். கூடுகளைக் கொள்ளையிடும் நீல ஜேயும் பதுங்கி வேட்டையாடும் வல்லூறும் கலந்தது ஜேஹோக் என்பர். அத்தகைய பறவை உலகில் எங்கும் இல்லை. 1912இல் ஹென்றி மலோய் என்ற மாணவர் அதனை வரைந்தபொழுது, எதிரியை உதைப்பதற்கென்று காலில் சப்பாத்தும் மாட்டிவிட்டார்! சப்பாத்து இன்றும் கழலவில்லை.

மிசூரியின் வேங்கை எங்கிருந்து வந்தது? அங்குள்ள காடுகளில் வேங்கை கிடையாது. உள்நாட்டுப் போரின்போது கொரில்லாக் கூட்டங்கள் கொலம்பியாவையும் சூறையாடக் கூடுமென்ற அச்சம் எழுந்தது. நகரத்தார் காவற்படை அமைத்து அதற்கு 'மிசூரி வேங்கைகள்' எனப் பெயரிட்டனர். கொள்ளைக்காரர் அந்நகரை அணுகவில்லை. பல்கலைக்கழகக் குழுவினர் அப்பெயரையே பின்னர் ஏற்றனர்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. லோறன்ஸை எரித்தவர் எத்தகையோரோ, அத்தகையோரிடமிருந்தே வேங்கைகள் தம் ஊரைக் காத்தனர். கன்சாஸின் ஜேஹோக்கரும் மிசூரியின் வேங்கைகளும் ஒரே கூட்டத்தாருக்குத்தான் அஞ்சினர். 2007இல் மிசூரி ஆதரவாளர் சிலர் லோறன்ஸ் எரியும் படம் பொறித்த மேற்சட்டையை அணிந்து ஆட்டம் காண வந்தனர். தாம் ஆர்ப்பரித்த குழுவின் பெயர் யாரை எதிர்த்துத் தோன்றியது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் அச்சட்டையை அணிந்திருப்பார்களா என்பது ஐயமே.

'போர்' என்ற சொல் 2004இல் அதிகாரபூர்வமான பெயரிலிருந்து நீக்கப்பட்டது. மக்கள் நாவிலிருந்து அது நீங்கவில்லை. 2012இல் மிசூரி வேறொரு போட்டிச் சங்கத்திற் சேர்ந்ததால் உதைபந்தாட்டம் நின்றுபோயிற்று. 2025 செப்டெம்பரில் கொலம்பியாவில் மீண்டும் ஆடியபோது மிசூரி 42க்கு 31 என வென்றது.

ஆயினும் ஒரு வழக்குத் தீரவில்லை. 1960இல் தோல்வியறியாது வந்த மிசூரியைக் கன்சாஸ் 23க்கு 7 என வீழ்த்தியது. தகுதியற்ற ஓர் ஆட்டக்காரரைக் கன்சாஸ் சேர்த்திருந்ததெனப் பின்னர் தீர்ப்பாகி, வெற்றி மிசூரிக்கு அளிக்கப்பட்டது. கன்சாஸ் அதனை இன்றும் தன் வெற்றியாகவே எழுதுகிறது. மிசூரி தன் வெற்றியாக எழுதுகிறது. ஆகவே இரு பல்கலைக்கழகங்களின் ஏடுகளிலும் மொத்தக் கணக்கு வேறு வேறாகவே இருக்கின்றது.