மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



விடுதியில் மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நடக்கும் குர்ஆன் வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நான் அங்கே போனது சுண்டலுக்காக! சின்ன வயசிலேயே மத்ரஸாவில் அம்ம ஜுஸ்உ ஓதி முடித்தவன்தான். ஆனால் ஒரு சூராவுக்கும் அர்த்தம் தெரியாது. ஹஜ்ரத் அவர்கள் முதலில் தஜ்வீதைத் திருத்துவார்கள். பிறகு அப்துல் ஹமீது பாக்கவி அவர்களின் தமிழாக்கத்தைப் படிக்கச் சொல்வார்கள். கடைசியில் ஒரே கேள்வி: "தம்பி, இதை நாளைக்கு எங்கே செய்வீங்க?"

ஒருநாள் 83-வது சூரா, அல் முதஃப்ஃபிஃபீன். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்துத் தொடங்கும் சூரா. "நாங்க என்ன மளிகைக் கடையா வைக்கப் போறோம், ஹஜ்ரத்?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "அளக்காத தொழில் எது தம்பி?" என்றார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. ஒரு கட்டடத்தில் பீம் கம்பிக்கு 6 அங்குலத்துக்கு ஒரு ரிங் கட்ட வேண்டும் என்பது வரைபடம். கட்டியிருந்ததோ 8 அங்குலத்துக்கு ஒன்று. மறுநாள் காலை கான்கிரீட். கான்கிரீட் போட்டுவிட்டால் கம்பியை யார் பார்க்கப் போகிறார்கள்? மேலதிகாரி நீட்டிய எம்-புக்கில் '6' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சுபுஹு தொழுததும் சைட்டுக்கு ஓடி வேலையை நிறுத்தினேன். மேஸ்திரி திட்டினார். இரண்டு நாள் தாமதம். அந்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வும் இல்லை. ஆனால் ரிங் சரியாகக் கட்டிய பிறகுதான் கான்கிரீட் போட்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இந்த வகுப்புக்கு வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் வைக்கலாம் என்று நம் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் நண்பனுக்காக 'ப்ராக்ஸி' கொடுத்தவர்கள்தானே நாம்? குர்ஆன் வகுப்பிலும் அந்தப் பொய்க் கணக்கைப் பழக்கிவிட வேண்டாம். யாரும் பார்க்காத இடத்தில் சரியாக அளப்பதற்குத்தானே இந்த ஓதலே!

அதற்குப் பதிலாக, மாதம் ஒரு முன்னாள் மாணவர் அந்த வகுப்பில் வந்து உட்காருவோம். வக்கீலோ, டாக்டரோ, வியாபாரியோ, தன் தொழிலில் சறுக்கிய இடத்தையும் மறைக்காமல் சொல்வோம். முதல் மாதத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சுண்டல் செலவும் என்னுடையது! வஸ்ஸலாம்.